உரிமையின்றி வளர்த்தல்

பெற்றெடுக்காத, தத்தெடுக்கவும் செய்யாத ஒரு பதினான்கு வயதுச் சிறுவனைத் தம் வீட்டில் வைத்து வளர்ப்பவருக்கு, அவனை அதட்டவும் திருத்தவும் தடுக்கவும் எங்கிருந்து அதிகாரம் வருகிறது என்ற வினாவுக்குச் சட்டம் பாதி விடையையே தருகிறது. எஞ்சிய பாதி அறத்துக்கும் சமயத்துக்கும் உரியது. பெற்ற பிள்ளையின் விஷயத்தில் இந்த வினா பெரும்பாலும் எழுவதே இல்லை. ‘என் பிள்ளை’ என்ற ஒரு சொல் அதை எழாமல் அடக்கிவிடுகிறது. அந்தச் சொல்லைச் சொல்ல இயலாத வீட்டில்தான், வளர்ப்பது என்றால் என்ன, வளர்ப்பவருக்கும் வளர்பவனுக்கும் இடையில் இருப்பது உடைமையா, கடனா, அன்பா, அல்லது இவை மூன்றிலும் சேராத வேறொன்றா என்று கேட்க வேண்டிய கட்டாயம் நேர்கிறது. அங்கே கிடைக்கும் விடை பெற்றோர் அனைவருக்கும் பொருந்துவது என்பதால், இந்த வினா ஒரு சிறு பிரிவினரின் சிக்கலாக ஒதுக்கப்படக் கூடாதது.

வளர்ப்புப் பராமரிப்பு என்று இங்கே குறிக்கப்படுவது தத்தெடுப்பிலிருந்து வேறுபட்ட ஓர் ஏற்பாடு. தத்தெடுப்பில் பிறந்த குடும்பத்தோடு இருந்த சட்ட உறவு அறுந்து, புதிய குடும்பத்தின் பெயரும் வாரிசுரிமையும் குழந்தைக்கு வந்து சேர்கின்றன. வளர்ப்புப் பராமரிப்பிலோ பிறப்பின் பெயரும் உறவும் அப்படியே இருக்க, குழந்தைகள் நலக் குழு என்னும் மாவட்ட அமைப்பின் ஆணைப்படி, குறுகிய காலத்துக்கோ நீண்ட காலத்துக்கோ, சிறுவன் வேறொரு வீட்டில் வாழ்கிறான். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தினுடைய 44ஆம் பிரிவு, அவனுடைய கல்வி, உடல்நலம், உணவு ஆகியவற்றுக்கு அந்த வீட்டைப் பொறுப்பாக்குகிறது. மாதந்தோறும் வீட்டை ஆய்வு செய்யவும், குறை கண்டால் சிறுவனை அழைத்துக்கொள்ளவும் குழுவுக்கு அதிகாரம் தருகிறது. அவனுடைய நலனுக்குக் கேடில்லை என்றால் பெற்றோர் அவ்வப்போது வந்து பார்த்துச் செல்லவும் இடம் விடுகிறது. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தின் கீழ் இத்தகைய குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் வழங்கப்படுகிறது. 2024இல் வெளியான புதிய வழிகாட்டு நெறிமுறைகள், திருமணமாகாதவரும் துணையை இழந்தவரும்கூடத் தனியாக ஒரு குழந்தையை ஏற்று வளர்க்கலாம் என்றும், இரண்டு ஆண்டுகள் வளர்த்த பிறகு தத்தெடுப்பை நாடலாம் என்றும் வழியைச் சற்று அகலப்படுத்தியுள்ளன.

ஆயினும், பதின்ம வயதுச் சிறுவனுக்குத் தத்தெடுப்பின் வாயில் நடைமுறையில் ஏறக்குறைய மூடியே இருக்கிறது. தத்தெடுக்க வருவோர் கைக்குழந்தையையே தேடுகிறார்கள். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டமோ, குல வழக்கம் இடம் கொடுத்தாலன்றி, 15 வயது நிறைந்த பிள்ளையை மகனாக ஏற்க அனுமதிப்பதில்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின் வழி அதைவிடத் தாராளமானது என்றாலும், அந்த வழியை நாடி வருபவர் குறைவு. இதன் பின்னணியில் பழைய சமயக் கருத்து ஒன்று இருப்பதை மறுக்க முடியாது. தரும நூல்கள் மகனை வேண்டியதற்கும், இல்லாதபோது பிறர் மகனை ஏற்றுக்கொள்ள விதி வகுத்ததற்கும் முதன்மையான காரணம், இறந்தபின் பிண்டம் இடவும் குலத்தைத் தொடரவும் ஒருவன் வேண்டும் என்பதே. அந்தக் கணக்கில் பார்த்தால், வளர்ப்புப் பராமரிப்பில் வரும் சிறுவனால் வீட்டாருக்கு மறுமைப் பயன் எதுவும் இல்லை: அவன் கொள்ளி வைக்கக் கடமைப்பட்டவன் அல்லன், சொத்தை ஏற்பவன் அல்லன், குடும்பப் பெயரைச் சுமப்பவனும் அல்லன். மகனால் தந்தைக்குக் கிடைக்கும் என்று நூல்கள் சொன்ன பலன்கள் யாவும் நீங்கிய பிறகும் தந்தைமை என்று ஏதேனும் எஞ்சுகிறதா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினாவின் கூர்மை.

பெங்களூரில் அல்சூரை ஒட்டியுள்ள மர்பி டவுன் இந்த வினாவை நிறுத்திப் பார்ப்பதற்கு ஏற்ற இடம். 1809இல் தொடங்கிய கன்டோன்மென்ட்டைத் தொடர்ந்து தமிழ் நாட்டின் வட மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய உழைக்கும் மக்களுக்கென, ஆங்கிலேயர் நிர்வாகத்தின் கீழ் இருந்த சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன் திட்டமிட்டு அமைத்த குடியிருப்பு இது. முன்பு நாக்ஸ்பேட்டை என்று வழங்கி, பின்னர் மர்பி என்ற பொறியாளரின் பெயரைப் பெற்றது. 1947இல் ஸ்டேஷன் முழுவதும் மைசூர் அரசின் கைக்குத் திரும்பிய பிறகும் பேச்சில் தமிழ் நிலைத்தது. கோயில், சர்ச், மசூதி மூன்றும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. வீட்டில் தமிழும், அலுவலகத்தில் கன்னடமும், பள்ளியில் ஆங்கிலமும் ஒரே சிறுவனின் வாயில் ஒரே நாளில் புழங்குகின்றன. அண்மையிலுள்ள கௌதமபுரத்தில், தெருவில் பந்தாடிய பையன்களின் குடியிருப்பு பெலேவுக்குச் சிலை வைத்திருக்கிறது. இத்தகைய பகுதிகளில் ஊரிலிருந்து வந்த அக்கா மகனையோ, தாயை இழந்த தம்பி மகனையோ படிப்புக்காகவும் வேலைக்காகவும் வைத்துக்கொள்வது யாரையும் வியக்கவைக்காத வழக்கம். சட்டம் சொல்லும் வளர்ப்புப் பராமரிப்பு அந்த வழக்கத்தின் மேல்தான் வேரூன்ற முடியும். ஆனால் உறவுக்காரப் பிள்ளைக்கு இருக்கும் முன்கதை, அரசின் பால மந்திரத்திலிருந்தோ தொண்டு நிறுவன விடுதியிலிருந்தோ வரும் பிள்ளைக்கு இல்லை என்பது பெரிய வேறுபாடு.

அந்த வேறுபாடு அன்றாடத்தில் எப்படி வெளிப்படுகிறது என்பதை ஆழ்ந்து நோக்க வேண்டும், ஏனெனில் இங்கே அறவினா ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டிலும் பாய் விரிக்கும் இடத்திலும்தான் பிறக்கிறது. ஒரு கூடமும் ஓர் அறையும் உள்ள வீட்டுக்கு, வளர்ந்த பையன் ஒருவன் புதிதாக வந்து சேரும்போது, யார் எங்கே படுப்பது, காலையில் குளியலறைக்கு யார் முதலில் போவது, ஒரே செல்போன் சார்ஜரில் யாருடைய போன் இருப்பது என்பவை எல்லாம் உரிமைப் பேச்சாக மாறிவிடுகின்றன. பசியை அறிந்து வளர்ந்தவன் சாப்பிட்டு முடித்த பிறகும் பிஸ்கட்டையோ சப்பாத்தியையோ தலையணைக்கடியில் மறைத்து வைப்பது, வளர்ப்பு வீடுகளைப் பற்றி அறிந்தவர் அனைவரும் சொல்லும் செய்தி. அதைத் திருட்டு என்று எண்ணும் வீடும் உண்டு, நாளையும் சோறு உண்டு என்பதை நம்ப அவனுக்குப் பல மாதங்கள் தேவை என்று உணரும் வீடும் உண்டு. எஸ்.எஸ்.எல்.சி. படிவத்தில் தந்தை பெயர் என்ற கட்டத்தை நிரப்பும்போது வீட்டில் ஒரு கணம் பேச்சு நின்றுபோகிறது. அவன் வளர்ப்புத் தாயை எப்படி அழைப்பது என்பதைப் பெரும்பாலும் அவனிடமே விட்டுவிடுவதுதான் நல்லது; ‘அம்மா’ என்று கட்டாயப்படுத்தாமல் ‘அத்தை’ என்றோ ‘ஆன்ட்டி’ என்றோ அழைக்க விடும்போது, எங்கோ இருக்கும் தாயின் இடத்தைப் பறிக்காத ஓர் இடம் அவளுக்குக் கிடைக்கிறது.

இவை எல்லாவற்றையும்விடக் கடுமையானது பிள்ளை எதிர்த்துப் பேசும் நாள். பதினைந்து வயதில் கதவை அறைந்து சாத்தாத பையன் அரிது. ஆனால் பெற்ற பிள்ளை அறைந்து சாத்தினால் ‘வயசு அப்படி’ என்று சொல்லும் அதே வாய், வளர்ப்புப் பிள்ளை சாத்தினால் ‘இவ்வளவு செஞ்சும் பாரு’ என்று சொல்கிறது. அந்த ‘இவ்வளவு செஞ்சும்’ என்ற சொல்லில்தான் நன்றிக்கடன் என்ற கருத்து, பராமரிப்பைக் கொடுக்கல் வாங்கலாக மாற்றுகிறது. தமிழ் அறநூல்கள் நன்றி மறத்தலைப் பெருங்குற்றமாகச் சொன்னவைதாம்; எனினும் வள்ளுவர் அந்தக் கடமையை உதவி பெற்றவன் மீது வைத்தாரேயன்றி, அதைக் கேட்டு வாங்கும் உரிமையைக் கொடுத்தவனுக்கு எங்கும் வழங்கவில்லை; ஒப்புரவைப் பற்றிப் பேசும்போது கைம்மாறு எதிர்பாராத மழையையே அவர் அளவுகோலாக வைத்தார். பெற்றோரை இழந்ததோ, பெற்றோரால் கைவிடப்பட்டதோ சிறுவனின் செயல் அன்று. அந்த இழப்பை ஈடுசெய்வது சமூகத்தின் கடன். அந்தக் கடனைத் தீர்க்கும் ஒரு வீடு, தீர்த்ததற்காக அவனிடமே பற்றுச்சீட்டு கேட்பது நியாயமாகாது. மாதம் 4,000 ரூபாயைக் காட்டி ‘காசுக்காகத்தான் வெச்சிருக்காங்க’ என்று அக்கம்பக்கத்தில் சொல்வதும், அதே தொகையைக் காட்டி ‘உனக்கு இதுக்கு மேலயே செலவாகுது’ என்று வீட்டுக்குள் சொல்வதும் ஒரே பிழையின் இரண்டு வடிவங்கள்.

இந்தப் பிழை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தமிழில் ஆபுத்திரன் கதையைவிடத் தெளிவான சான்று இல்லை. மணிமேகலைக் காப்பியத்தில், சாலி என்னும் பார்ப்பனப் பெண் குமரிக்குச் செல்லும் வழியில் பெற்றுத் தோட்டத்தில் விட்டுச் சென்ற குழந்தையை ஒரு பசு ஏழு நாள் பால் கொடுத்துக் காக்கிறது. வயனங்கோட்டைச் சேர்ந்த இளம்பூதி என்னும் அந்தணன் அக்குழந்தையைக் கண்டெடுத்து, தன் மகன் என்று ஊருக்குச் சொல்லி, வேதம் ஓதுவித்து, குறையில்லாமல் வளர்க்கிறான். வேள்விக்கெனக் கட்டப்பட்டிருந்த ஒரு பசுவை, வளர்ந்து அறிவு பெற்ற அந்தச் சிறுவன் இரவோடு அவிழ்த்துக்கொண்டு போகும்போதுதான் எல்லாம் முறிகிறது. அவன் அடிபடுகிறான், உயிர்க்கொலை குறித்து ஊராரோடு வாதம் செய்கிறான், வாதத்தில் வெல்ல முடியாதவர்கள் அவனுடைய பிறப்பை எடுத்துப் போட்டு இழிவுபடுத்துகிறார்கள். விலங்குகளின் வயிற்றில் பிறந்ததாகச் சொல்லப்படும் முனிவர்களை வரிசையாக எடுத்துச் சொல்லி அவன் பதிலளிக்கிறான். அதன் பிறகு நிகழ்வதுதான் கதையின் கொடுமை: இளம்பூதியும் அவனை வீட்டை விட்டு விலக்குகிறான்.

இளம்பூதி இரக்கமற்றவன் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. அது சரியான வாசிப்பாகாது. கண்டெடுத்த குழந்தையை மகனாக்கிக்கொண்ட இரக்கம் அவனிடம் உண்மையாகவே இருந்தது. அவனால் தாங்க முடியாமல் போனது, வளர்த்த பிள்ளை தனக்கென ஓர் அறத்தைக் கண்டடைந்து, அந்த அறத்தின் பக்கம் நின்று வீட்டையும் ஊரையும் அளந்ததைத்தான். குழந்தையைக் காத்தவன் இளைஞனைக் காக்கவில்லை. வளர்ப்புப் பராமரிப்பு முறியும் இடம் பெரும்பாலும் இதுவே. சிறுவன் தேவையுள்ளவனாக இருக்கும்வரை இரக்கம் போதுமானதாக இருக்கிறது; அவன் நியாயம் கேட்பவனாக மாறும்போது இரக்கம் தன் எல்லையை எட்டிவிடுகிறது, அதற்கு மேல் தேவைப்படுவது மதிப்பு. ஊரார் செய்ததைப் போலப் பிறப்பை வாக்குவாதத்தில் ஆயுதமாக எடுப்பது இந்த மதிப்பின்மையின் உச்சம். ‘உங்கப்பன் புத்திதானே உனக்கும்’ என்று ஒரு முறை சொல்லிவிட்ட வீடு, பிறகு எத்தனை நல்ல சோறு போட்டாலும் அந்தச் சொல்லைத் திரும்பப் பெற முடிவதில்லை. விரட்டப்பட்ட ஆபுத்திரன் மதுரைக்குச் சென்று, சிந்தாதேவி கோயிலில் தங்கி, பிச்சையெடுத்த சோற்றைக் குருடருக்கும் செவிடருக்கும் முடவருக்கும் ஊட்டி, எஞ்சியதையே தான் உண்டான் என்று காப்பியம் தொடர்கிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கைக்கு வந்தது அதன் பிறகே. விரட்டியதால்தான் அவன் பெரியவனானான் என்று எவரும் ஆறுதல் தேடிக்கொள்ளக் கூடாது. வீடிழந்த சிறுவர் எல்லோருக்கும் அமுதசுரபி வாய்ப்பதில்லை.

ஆபுத்திரனுக்கு நேர் எதிர்த்திசையில் நடந்த கதை சைவ மரபில் இருக்கிறது. அதன் நாயகன் வளர்ப்புப் பிள்ளை என்பதைச் சைவரே அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். திருநாவலூரில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் பிறந்த நம்பி ஆரூரரை, அவர் தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தபோது, திருமுனைப்பாடி நாட்டை ஆண்ட நரசிங்க முனையரையர் கண்டு விரும்பி, பெற்றோரிடம் கேட்டு அழைத்துச் சென்று அரண்மனையில் வளர்த்தார். பின்னாளில் சுந்தரர் என்று உலகம் அறிந்தவர் அந்தப் பிள்ளையே. பெரியபுராணத்தில் சேக்கிழார் இதைச் சொல்லும் முறையில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு: பிள்ளை அரச குடும்பத்தின் சிறப்போடு வளர்ந்தான், ஆனால் தான் பிறந்த அந்தணர் மரபின் சடங்கும் கல்வியும் குறையாமல் வளர்ந்தான் என்று இரண்டையும் சேர்த்தே அவர் கூறுகிறார். வளர்த்தவர் தம் குலத்தை அவன் மேல் போர்த்தி அவன் குலத்தை மறைக்கவில்லை. திருமண வயது வந்தபோது, புத்தூரில் பெண் கேட்க ஆள் அனுப்பியவர் பெற்ற தந்தையாகிய சடையனாரே. அரசர் வளர்த்தார், பெற்றவர் பெற்றவராகவே தொடர்ந்தார். இருவருக்கும் இடையில் போட்டி இருந்ததாகப் புராணத்தில் ஒரு சொல்லும் இல்லை.

நரசிங்க முனையரையரைப் பற்றிச் சேக்கிழார் சொல்லும் மற்றொரு நிகழ்ச்சி, அவரால் ஏன் இப்படி வளர்க்க முடிந்தது என்பதை விளக்குகிறது. திருவாதிரை நாளில் திருநீறு பூசி வருவோருக்கெல்லாம் நூறு பொன் கொடுத்து வந்த அவரிடம், ஒழுக்கக்கேட்டின் அடையாளம் உடலிலேயே தெரியும்படி ஒருவன் நீறு பூசி வந்து நின்றான். அருகிலிருந்தோர் அருவருத்து ஒதுங்கினர். அரசர் அவனைக் கைகூப்பி வரவேற்று, மற்றவருக்குக் கொடுத்ததைவிட இருமடங்காக இருநூறு பொன் கொடுத்து அனுப்பினார். இகழப்படுபவனுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை அறிந்த மனம் இது. காவல் நிலையத்தையும் விடுதியையும் தெருவையும் பார்த்துவிட்டு வரும் பதினாறு வயதுப் பையனை வாசலில் நிறுத்தி அளக்கும் கண்கள் எந்தக் குடியிருப்பிலும் உண்டு. அவனை ஏற்கும் வீட்டுக்குத் தேவையான முதல் தகுதி முனையரையரிடம் இருந்த அந்தக் கண்தான்.

பெற்றவரும் வளர்த்தவரும் போட்டியின்றி நின்ற இந்த நிலையின் உச்சம் சுந்தரரே பாடிய திருத்தொண்டத்தொகையில் வருகிறது. அடியார்களைப் பெயர் சொல்லி வணங்கும் அந்தப் பதிகத்தில் தம்மை வளர்த்த முனையரையருக்கும் தாம் அடியவர் என்கிறார். பதிகத்தை முடிக்கும்போது பெற்ற தந்தையையும் தாயையும் குறித்துத் தம்மை அவர்கள் மகன் என்று சொல்லிக்கொள்கிறார். இதனால் பெற்ற தந்தை, பெற்ற தாய், வளர்த்த தந்தை ஆகிய மூவருமே அறுபத்து மூவரில் இடம்பெற்று, கோயில்களின் நாயன்மார் வரிசையில் கல்லிலும் செம்பிலும் ஒன்றாக நிற்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரே தந்தைதான் இருக்க முடியும் என்ற எண்ணத்தைச் சைவம் எவ்வளவு அமைதியாகக் கடந்துவிட்டது என்பதற்கு இந்த வரிசையே சான்று.

சுந்தரரின் வாழ்வு வேறொரு வகையிலும் இங்கே பயன்படுகிறது. இறைவனோடு உயிர் கொள்ளும் உறவைச் சைவ சித்தாந்தம் நான்கு நெறிகளாகப் பகுக்கிறது: பணியாளாக நிற்கும் தாச மார்க்கம், மகனாக நிற்கும் சற்புத்திர மார்க்கம், தோழனாக நிற்கும் சக மார்க்கம், ஞானத்தால் ஒன்றி நிற்கும் சன்மார்க்கம். அப்பர், சம்பந்தர், சுந்தரர், மாணிக்கவாசகர் நால்வரும் முறையே இந்நான்குக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவர். சாதாரணக் குடும்பத்தில் மகன் நிலையிலிருந்து தோழன் நிலைக்குப் போகும் பயணத்துக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அவகாசம் இருக்கிறது; தோளில் தூக்கிச் சுமந்த காலம் முடிந்த பிறகே தோளுக்கு மேல் வளர்ந்த காலம் வருகிறது. வளர்ப்பு வீட்டுக்குப் பதினான்கு வயதில் வருபவனுக்கு அந்த அவகாசம் இல்லை. அவன் அந்த வீட்டில் ஒரு நாளும் மகனாக இருந்தறியாதவன். ஆனால் அவனுடைய வயது தோழமையைக் கேட்கிறது. மடியில் தலை வைக்கவும் வேண்டும், தன் கருத்தைக் கேட்காமல் முடிவெடுத்தால் கோபப்படவும் வேண்டும். மாலையில் குழந்தையைப் போல் அருகில் வந்து ஒட்டிக்கொண்டவன் இரவில் அந்நியனைப் போல் முகம் திருப்பிக்கொள்வதில் நடிப்பு ஏதும் இல்லை. இரண்டு பருவங்களை ஒரே நேரத்தில் வாழ வேண்டிய நெருக்கடி அது. சுந்தரரோடு இறைவன் நடந்துகொண்ட முறை இங்கே வழிகாட்டுகிறது: புத்தூர்த் திருமணப் பந்தலில் அடிமை ஓலையோடு வந்து தடுத்த முதியவரைப் பித்தன் என்று ஏசி, ஓலையைப் பறித்துக் கிழித்தெறிந்த இளைஞனை, முதியவராக வந்த அந்த இறைவன் வழக்காடி வென்ற பின்னரும் தண்டிக்கவில்லை. அவனுடைய வன்மையான பேச்சையே வன்தொண்டன் என்ற பெயராக்கி, ஏசிய சொல்லையே முதற்பாட்டின் முதற்சொல்லாக ஏற்றுக்கொண்டான் என்று மரபு சொல்கிறது. ஏச்சை உறவின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளத் தெரிந்த அந்தப் பொறுமையைப் பதின்ம வயதுப் பையனை வளர்ப்போர் வழிபாட்டு அறையிலிருந்து அடுக்களைக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

பெற்ற தாயின் இடம் பற்றி வைணவம் சொல்வதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. துளசித் தோட்டத்தில் கண்டெடுத்த ஆண்டாளை வளர்த்த பெரியாழ்வார், கண்ணனை வளர்த்த யசோதையின் குரலில் தாலாட்டும் நீராட்டும் பாடினார். அதே மரபில் குலசேகராழ்வார் தேவகியின் குரலை எடுத்துக்கொண்டு, பெற்றும் மகனின் குழந்தைமையைக் காணக் கிடைக்காதவளின் துயரத்துக்கென்றே ஒரு பதிகம் ஒதுக்கினார். வளர்த்தவளின் மகிழ்ச்சியை முழுமையாகக் கொண்டாடிய சமயம், பெற்றவளின் அழுகையையும் தன் திருமொழிக்குள் வைத்துக்கொண்டது. குழுவின் அனுமதியோடு தாய் வந்து பையனைப் பார்த்துவிட்டுப் போகும் நாளுக்குப் பின், அவன் இரண்டு நாள் சாப்பிடாமலும் பேசாமலும் கிடப்பதைக் கண்டு, அந்தச் சந்திப்பே வேண்டாம் என்று நினைக்காத வளர்ப்புத் தாய் இருக்க மாட்டாள். அந்த நினைப்பை விழுங்கிக்கொண்டு அடுத்த சந்திப்புக்கும் அவனுடைய சட்டையை இஸ்திரி போட்டு வைப்பது, எந்த நோன்புக்கும் குறையாத தவம்.

மர்பி டவுனின் பிற இரு சமயங்களும் இந்த வினாவை அறிந்தவையே. லூக்கா நற்செய்தியில், பன்னிரண்டு வயது இயேசு எருசலேம் ஆலயத்தில் தங்கிவிட, தேடித் தவித்துவந்த மரியாள், உன் தகப்பனும் நானும் தேடினோம் என்று சொல்கிறாள். சிறுவனோ தன் தந்தையின் இடத்தில் தான் இருக்க வேண்டாமா என்று கேட்கிறான். வளர்ப்புத் தந்தையாகிய யோசேப்பின் முன்னிலையிலேயே அந்தச் சொல் வேறொரு தந்தையைச் சுட்டுகிறது. யோசேப்பு எதுவும் சொன்னதாக நற்செய்தி பதியவில்லை; சிறுவன் அவர்களோடு நாசரேத்துக்குத் திரும்பிக் கீழ்ப்படிந்திருந்தான் என்று மட்டும் பதிகிறது. இஸ்லாமிய வரலாற்றில், சிறுவயதில் கடத்தப்பட்டு அடிமையாக விற்கப்பட்டு நபிகள் நாயகத்தின் வீட்டை அடைந்த ஸைத், மீட்க வந்த தந்தையோடு போகாமல் நபிகளோடு இருப்பதையே தேர்ந்தெடுத்தார். விடுதலை பெற்று முஹம்மதின் மகன் என்றே அழைக்கப்பட்டார். பின்னர் குர்ஆனின் அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் வசனங்கள், வளர்க்கப்படுவோரை அவரவர் தந்தையின் பெயராலேயே அழைக்கும்படியும், தந்தை யாரெனத் தெரியாவிட்டால் அவர்களை மார்க்கச் சகோதரராகக் கொள்ளும்படியும் பணித்தன. பெயர் திரும்பிச் சென்றது, அன்பு குறையவில்லை. குழந்தை உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையின் 20ஆம் உறுப்பு, குடும்பத்தை இழந்த குழந்தைக்கான ஏற்பாடுகளில் வளர்ப்புப் பராமரிப்போடு இஸ்லாமியச் சட்டத்தின் கஃபாலா என்னும் பொறுப்பேற்று வளர்க்கும் முறையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை அது.

அதே உறுப்பு, குழந்தையின் இனம், சமயம், பண்பாடு, மொழி ஆகியவற்றின் தொடர்ச்சியையும் கருத வேண்டும் என்கிறது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கும் வீட்டில் வளர்ந்தவன் ஞாயிறு ஆராதனைக்குச் செல்லும் வீட்டுக்கு வரலாம், நேர்மாறாகவும் நிகழலாம். அழைப்பது வேறு, இழுப்பது வேறு. வீட்டார் அனைவரும் ஜெபத்துக்குக் கூடும்போது அவனைத் தனியாக வெளியே நிறுத்துவது அன்பில்லாமை. உணவும் கூரையும் தருபவரின் முன்னால் ‘வேண்டாம்’ என்று சொல்ல இயலாத நிலையில் இருப்பவனிடம் பெறும் மனமாற்றமோ, மனமாற்றமே அன்று. அவனுடைய பண்டிகைக்கு அவனைக் கோயிலுக்கு அழைத்துப்போக வீட்டில் ஒருவர் முன்வந்தால், அந்த வீட்டின் சமயம் எதையும் இழப்பதில்லை. கார்த்திகைப் பெண்டிர் அறுவரும் தம் வயிற்றில் பிறவாத குழந்தை முருகனுக்குப் பால் கொடுத்தவர்கள், அவர்களைப் போற்றவே கிருத்திகை நாள் அமைந்தது என்று கந்தபுராண மரபு கொள்வதால், வளர்ப்பு வீட்டார் அந்த விழாவில் அந்நியராக நிற்கவும் தேவையில்லை.

இவ்வளவையும் தாங்கும் ஒரு கருத்தைத் தமிழ் மரபில் தேடினால், அது அடைக்கலம் என்பதில் கிடைக்கிறது. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆயர் முதுமகளிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். கண்ணகி மாதரியின் மகளும் அல்லள், மருமகளும் அல்லள், உறவே இல்லாதவள். ஆயினும் அடைக்கலத்தை இழந்துவிட்டேன் என்று கலங்கி மாதரி தீப்புகுந்தாள் என்று காப்பியம் கூறுகிறது. அந்த முடிவு பின்பற்றத்தக்கது அன்று. ஆனால் ஒப்படைக்கப்பட்டவர் மீது உள்ள கடமை, தம்மவர் மீது உள்ள கடமையைவிடக் கடுமையானது என்று அக்காலத்தவர் எண்ணினர் என்பதை அது காட்டுகிறது. தன் பொருளைத் தொலைத்தவன் தனக்கே நட்டம் செய்கிறான். பிறர் ஒப்படைத்ததைத் தொலைத்தவன் கணக்குச் சொல்ல வேண்டியவனாகிறான். பதின்ம வயதுச் சிறுவனைத் தடுக்கவும் திருத்தவும் வளர்ப்போருக்கு இருக்கும் அதிகாரம் இந்தக் கணக்குச் சொல்லும் பொறுப்பிலிருந்தே வருகிறது. நள்ளிரவில் பைக்கில் யாரோடோ போகாதே என்று சொல்பவர், நீ என்னுடையவன் என்பதால் சொல்வதில்லை. உனக்காக நான் பதில் சொல்ல வேண்டியவன் என்பதால் சொல்கிறார். இந்த இரண்டு குரல்களையும் பையன்கள் மிகத் துல்லியமாகப் பிரித்தறிகிறார்கள். மாதந்தோறும் அதிகாரி வந்து சமையலறையைப் பார்ப்பது அவமதிப்பு என்று சில குடும்பங்களுக்குத் தோன்றுவது இயல்பு. பொறுப்பின் இந்த இயல்பை ஏற்றுக்கொண்டவர்களுக்கு அது உறுத்துவதில்லை.

எனினும், அடைக்கலம் என்ற கருத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஒப்படைத்த பொருளைப் பெற்றபடியே திருப்பித் தருவதுதான் நேர்மை. பன்னிரண்டு வயதில் வந்தவனைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாகவே திருப்பித் தர எவராலும் முடியாது, முடிந்தாலும் அது குற்றம். மத்தேயு நற்செய்தியின் தாலந்து உவமையில், எசமான் கொடுத்த பணத்தை மண்ணில் புதைத்து அப்படியே திருப்பித் தந்த ஊழியன் கடிந்துகொள்ளப்படுவது இந்த இடத்தில் கைகொடுக்கிறது. பையனுடைய பெயர், மொழி, சமயம், உறவு ஆகியவற்றைக் காக்க வேண்டும். அவனுடைய ஆற்றலையோ பெருக்க வேண்டும். எது காப்பதற்கு உரியது, எது வளர்ப்பதற்கு உரியது என்று பிரித்தறிவதே இந்தத் தந்தைமையின் கலை முழுவதும். அவனுக்குக் கன்னடத்தில் நல்ல மதிப்பெண் வேண்டும் என்று டியூஷன் வைப்பது வளர்த்தல். தமிழில் பேசும் தாத்தாவோடு போனில் பேசவிடாமல் அந்த நேரத்திலும் டியூஷன் வைப்பது காக்கத் தவறுதல்.

திருப்பித் தருவது யாரிடம் என்ற கேள்வி 18 வயதில் எழுகிறது. குழுவின் ஆணை அத்துடன் முடிகிறது. பெற்றோர் ஏற்கும் நிலையில் இல்லாமல் இருக்கலாம். பிற்காப்பு என்று சட்டம் சொல்லும் 46ஆம் பிரிவு, பராமரிப்பு நிறுவனத்தை விட்டு வெளியேறும் இளைஞனையே மனத்தில் கொண்டு எழுதப்பட்டுள்ளது. தெருவிலும் விடுதியிலும் படிப்பாண்டுகளை இழந்தவர்கள் 18 வயதை எட்டும்போது பலசமயம் பி.யூ.சி. இரண்டாம் ஆண்டைக்கூட முடித்திருப்பதில்லை. தேர்வுக்கு முந்தைய மாதத்தில் பிறந்தநாள் வந்துவிட்டால், அந்த நாளுக்குப் பின் அவன் அந்த வீட்டில் எந்தத் தகுதியில் இருக்கிறான் என்பதற்கு எந்தக் காகிதத்திலும் பதில் இல்லை. ஆகவே அந்தப் பதிலை வீடு முன்கூட்டியே, அவன் பதினாறிலோ பதினேழிலோ இருக்கும்போதே, அவனிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்: தேர்வு முடியும்வரை இங்கேதான், அதற்குப் பிறகு வேலை கிடைத்து வாடகைக்கு அறை பார்க்கும்வரையும் இங்கேதான், பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் எப்போதும் இங்கேதான் என்று. இதைச் சொல்லும்படி எந்த அதிகாரியும் கேட்கப்போவதில்லை, இதற்கு மாதத் தொகையும் வராது. மகனால் கிடைக்கும் பலன்களெல்லாம் நீங்கிய பிறகும் எஞ்சுவது எது என்ற வினாவுக்குரிய விடையை அந்தப் பையன் கேட்டறியும் நேரம் அதுதான். அவனுடைய வங்கிப் பாஸ்புக், மதிப்பெண் பட்டியல், ஆதார் அட்டை, பிறந்த குடும்பத்தின் பழைய புகைப்படங்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு அவன் பொறுப்பில் கொடுக்க வேண்டிய நேரமும் அதுவே.